மருந்து அறைச் சாவிக்கு ஒரு முயல்

என் வீட்டுக்காரர் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வெடிமருந்து அறையின் பித்தளைச் சாவியில் மாட்டிக்கொள்ள நூலில் குட்டி முயல் பின்னி, பஞ்சு திணித்து, இன்று காலை கொடுத்தேன்.

அவர் போனபிறகு பார்த்தால், இரும்புக் குரோஷா ஊசியைக் காணோம்.

பஞ்சோடு முயலுக்குள் வைத்துத் தைத்துவிட்டேனோ?

பெண்களின் கொண்டை ஊசியைக்கூட வாசலிலேயே வாங்கி வைக்கிற கம்பெனி அது. இரும்பு உரசி ஒரு பொறி விழுந்தால் போதும்.

ஓடினேன். வாட்ச்மேன் தடுத்தும் நிற்கவில்லை. மருந்து அறைக்குள் அவர் கையிலிருந்த முயலைப் பிடுங்கி வயிற்றைக் கிழித்தேன்.

வெறும் பஞ்சு.

பின்னாலிருந்து அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அசையாதீக. உங்க கொண்டையில கம்பி சொருகியிருக்கு."

பின்னுகிற தோழிகளே, உங்கள் கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உங்கள் ஊசி எங்கே என்று.