ஞாயிறுதோறும் காத்திருந்த அப்பா

எங்கள் அப்பா நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவர். ஹாலிஎலவுக்கு மேலுள்ள தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கட்டிக் கொடுத்தவர். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கையிலேயே அம்மா இறந்துபோனார். தம்பியையும் என்னையும் அப்பாதான் தனியொருவராக வளர்த்தார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். கோபம் வந்தால் மட்டும், அப்பப்பா, லயமே அதிரும்!

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. தம்பியும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக, அப்பா தனியானார். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஹாலிஎலவுக்கு வந்து, ஒரு முஸ்லிம் நானாவின் கொமியூனிகேஷன் கடையில், தொலைபேசியருகே என் அழைப்புக்காக உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் வருட உடற்கூற்றியல் வாய்மொழிப் பரீட்சையில் எனக்கு ரஷ்ய மொழி வாயில் வரவில்லை. தோற்றேன். அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் வருடம் என்று அப்பாவிடம் புளுகினேன். பிறகு பேசவே வெட்கம். ஏழு ஞாயிறு அழைக்கவில்லை. விடுதியில் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். அந்த ஏழு ஞாயிறும் அப்பா வந்து, நானா கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டு, மதியம்வரை இருந்து போனாராம். எட்டாவது ஞாயிறு அழைத்தேன். அவர்தான் எடுத்தார்.

"அப்பா, நான் ஃபெயிலாகிட்டேன்."

"அதுக்கா தாயி பேசாம இருந்த? ஒரு வருஷம் கூடப் போனா போவுது. பொய்யச் சொல்லிக்கிட்டு தனியா கெடக்காத."

அந்த ஒரு வருடந்தான் வினையானது. என் இறுதிப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் அப்பா நெஞ்சுவலியால் காலமானார். அன்று தோற்காதிருந்தால் டாக்டராக அவர் பக்கத்தில் இருந்திருப்பேன். இன்று பட்டத்தோடு அவர் நினைவுக் கூட்டத்தில் உங்கள்முன் வந்து நின்றும் அது ஆறவில்லை.

பரீட்சை கெடுமென்று உறவினர்களாகிய நீங்கள் என்னிடம் மறைக்க நினைத்தீர்கள். உங்கள்மேல் குறையில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் வரவில்லை என்று சொல்லும்படி தம்பி நானாவிடம் கேட்டிருந்தானாம். ஞாயிறு வந்தது, அழைத்தேன். நானாதான் எடுத்தார்.

"மகள், எனக்குப் பொய் சொல்ல ஏலா. ஒங்கட அப்பா வெள்ளிக்கிழமை மவுத்தாகிட்டார்."

அப்பாவைச் சுமந்து சென்ற தோட்டத்து மக்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய மாமாவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நானாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் தமிழில் அழுவதைக் கேட்க அந்த ரஷ்ய ஊரில் ஒரு சனம் இல்லை. அழுது முடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.