குழல் மாற்றிய துவக்கு

எங்கள் குஞ்சியப்பு, அதாவது அப்பாவின் தம்பி, எந்தச் சாமானையும் இலேசில் வாங்கமாட்டார். சட்டி வாங்கினால் பத்துத் தரம் சுண்டிப் பார்ப்பார். வெண்டிக்காயின் நுனியை முறித்து முறித்துப் பார்த்து, சந்தைக்காரியிடம் ஏச்சும் வாங்குவார். மாட்டின் வாயைப் பிளந்து அவர் பல் பார்க்கிற பார்வையில் மாடே வெட்கப்படும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரேயொரு சாமானில் ஏமாந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது.

வீடு சண்டிலிப்பாயில் இருந்தாலும் குஞ்சியப்பு வன்னியில் காடு வெட்டி வயல் செய்துகொண்டிருந்தார். கதிர் முற்றும் நேரம் பார்த்துப் பன்றிகள் குடும்பத்தோடு வந்து உழக்கிவிட்டுப் போகும். இரண்டு வருஷ வெள்ளாமை அப்படியே போனது. இனித் துவக்கு, அதுதான் துப்பாக்கி, இல்லாமல் சரிவராது என்று அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்து பெர்மிட் எடுத்தார். துவக்கு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் எவரும் நடுங்காத காலம் அது.

வட்டுக்கோட்டையில் ஒருவர் வேட்டைத் துவக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டார். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தவள். அதனால் நானும் அடம்பிடித்துச் சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டேன்.

சாக்கில் சுற்றியிருந்த துவக்கை வெளியே எடுத்தார்கள். மரப்பிடி தேய்ந்து பழசாய்க் கிடந்தது. குழல் மட்டும் கன்னங்கரேலென்று மினுங்கியது.

"குழல் மாத்தியிருக்கோ அண்ணை? ஏன்?" என்று குஞ்சியப்பு எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"பழசு உள்ளுக்குக் கறள் பிடிச்சுப் போச்சுது தம்பி. கொழும்பிலை குடுத்து மாத்தினது. வடிவாய்ப் பாரும்."

குஞ்சியப்பு வடிவாய்த்தான் பார்த்தார். பூட்டைக் கழற்றிவிட்டுக் குழலை வானத்துக்குப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் கோடுகளை எனக்கும் காட்டினார். துணி விட்டு இழுத்து, துணியை மணந்தும் பார்த்தார். அந்த நேரம் என் வகுப்புக்காரி, ஆட்டுக்குட்டி காட்டுகிறேன் என்று என் கையைப் பிடித்து வேலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஆடும் இல்லை, குட்டியும் இல்லை.

"பழைய குழல் கறள் பிடிக்கேல்லை. வெடிச்சது. பெரியப்பாவின்ரை ரெண்டு விரல் அதிலைதான் போனது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. அம்மாளாணை எண்டு சொல்லு."

"அம்மாளாணை" என்றேன்.

அம்மாள் பேரில் செய்த சத்தியத்தை மீறினால் உடம்பெல்லாம் கொப்பளம் போடும் என்பது எங்கள் வகுப்பில் எல்லோரும் நம்பிய சங்கதி. போன மாதம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்து படலையில் வேப்பிலை தொங்கியது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

குஞ்சியப்பு சீமெந்துப் பைக் கடதாசியைப் பனையில் கட்டிவிட்டுச் சுட்டுப் பார்த்தார். ஐந்து வெடி. ஐந்து ஓட்டையையும் ஒரு சிரட்டையால் மூடலாம். அவருக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பிள்ளை, வாங்குவமோ?"

ஐயோ, அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த மார்கழியில் வயல் காவலில் துவக்கு பின்பக்கமாக வெடித்தது. குழலுக்கு ஒரு கீறலும் இல்லை. அது நல்ல குழல். அவளுடைய பெரியப்பாவின் விரல் போன அந்த முதல் வெடிப்பிலேயே அதற்குப் பின்னால் இருந்த இரும்பு மயிரிழையாய்ப் பிளந்திருக்கிறது. பாவி மனிதர் அன்றைக்குப் பார்த்துப் பார்த்துச் சோதித்ததெல்லாம் புதிதாய்ப் போட்ட குழலைத்தான். முன்னமே ஒருதரம் வெடித்த துவக்கு என்று தெரிந்திருந்தால் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்.

வலது கண் போயிற்று. வயலும் கைவிட்டுப் போயிற்று. பிறகும் சந்தைக்குப் போவார். வெண்டிக்காயை இடது கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார். எந்தச் சந்தைக்காரியும் அவரை ஏசவில்லை. முதலில் அம்மாளுக்குப் பயந்தும் பிறகு வெட்கத்திலும் நான் அவருக்குக் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

போன வருஷம் நல்லூரில் ஒரு கலியாண வீட்டில் அந்த வகுப்புக்காரியைக் கண்டேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பந்தியில் பக்கத்தில் இருந்தவளிடம், "உனக்குச் செய்த சத்தியத்தை நான் இண்டைவரை மீறேல்லை" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன்.

அவள் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டாள்.

"அப்பாவைக் காட்டிக்குடுக்க எனக்கு வாய் வரேல்லையடி. வகுப்பிலை ஒரு கதையும் உன்ரை வயித்திலை நிக்காது. சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினால் இன்னும் கெதியாய் ஓடிப்போய்ச் சொல்லுவாய் எண்டு நினைச்சுத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனனான். வேலிக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். அந்த மனிசன் உன்னட்டைக் கேட்டுது. நீ தலையை ஆட்டினாய்."