நம்பர் இல்லாத வசனம்

என் வீட்டுக்காரர் பிரசங்கத்தைக் கூர்ந்து கேட்க ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு மனைவியாக இருந்தால் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். எனக்கல்லவா தெரியும் இந்த ஆளை!

பெயர் சுகுமாறன். கிளாங் பக்கத்தில், மேருவில் ஒரு ஃபேக்டரியில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். குடிக்க மாட்டார், சிகரெட்டைத் தொட மாட்டார், பிள்ளைகள் மேல் உயிர். ஒரே ஒரு பீடைதான்: நம்பர். சாலையில் கார் கவிழ்ந்து கிடந்தால் ஊரார் ஐயோ என்பார்கள், இவர் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். நாலு இலக்கம் கண்ணில் பட்டால் நேரே நம்பர் கடைக்குப் போய் அதே நம்பரில் லாட்டரிச் சீட்டு எடுத்துவிடுவார். கிளாங்கில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சபையில் ஞானஸ்நானம் எடுத்த அன்றே விட்டுவிட்டேன் என்றார். எங்கே விட்டார்? உபவாசக் கூட்டம் வந்தால் முன்னால் போய் முழங்காலில் நின்று அழுவார். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். கொஞ்ச நாள் தாங்கும். மறுபடி சட்டைப்பையில் சீட்டு. நாய் வாலை நிமிர்த்தவா முடியும்?

போன மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னொரு தரம் சீட்டைப் பார்த்தேன், பி.ஜே.யில அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

"சத்தியமா இனிமே இல்லலா புனிதா," என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பக்தி. பிரசங்கம் என்றால் தூங்கி விழுகிற மனுஷன், இப்போது முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாஸ்டர் அதிகாரமும் வசனமும் சொல்லும்போது உதடு அசையும். அதன் பொருளை விளக்கும்போது ஜன்னலைப் பார்ப்பார். பாட்டு நம்பர் சொன்னாலும் அதே உதடு. சரியில்லையே என்று நானும் பாட்டைப் பாடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு, கர்த்தருடைய இரக்கம் தீர்ந்துபோகாது என்று பிரசங்கம். "இருபத்திரண்டாம் வசனமும் இருபத்து மூன்றாம் வசனமும் எடுங்க," என்றார் பாஸ்டர். இவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 2223. அட பாவி மனுஷா!

ஆராதனை முடிந்ததும், "டயர் கடையில ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்," என்று இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை டயர் கடை மூடியிருக்கும் என்பதுகூடவா எனக்குத் தெரியாது? பின்னாலேயே போனேன். அடுத்த வரிசைக் கடைகளில் நம்பர் கடை. நான் தூணோரம் நின்றேன். அவர் சீட்டோடு வெளியே வந்தார்.

என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"எடுத்துட்டேன் புனிதா. ஆண்டவரே கொடுத்த நம்பர்னு நெனச்சிட்டேன்."

"அவரு இரக்கத்தைக் கொடுத்தா, நீங்க அதைக் கொண்டுபோய் நம்பர் கடையில வெப்பீங்களா?"

கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாஸ்டர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், இந்த ஆளை எத்தனை தரம்தான் மன்னிக்கறது? அதைச் சொல்லுங்க, கேட்டுட்டு நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"சிஸ்டர், பேதுருவும் இயேசுகிட்ட இதையேதான் கேட்டாரு. அதுக்கு இயேசு, ஏழெழு…"

"ஐயையோ, நம்பர் சொல்லாதீங்க பாஸ்டர்!" என்று கத்திக்கொண்டே என் வீட்டுக்காரரின் காதுகளைப் பொத்தினேன்.

பாஸ்டர் திகைத்துப் போனார். இவருடைய உள்ளங்கையைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. முகம் வாடிவிட்டது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"கையை எடுங்க சிஸ்டர், அவரும் கேக்கட்டும். பிரதர், ஆண்டவர் உங்களை எத்தனை தரம் சேர்த்துக்கிட்டாருன்னு எண்ணிப் பார்க்கலை. அதனால அதுக்கு நம்பர் கிடையாது. நீங்க எடுக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

சுகுமாறன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகவே கண்ணீர் வருகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். வந்தது. சீட்டை வாங்கிக் கிழித்தேன். கிழிக்கும்போது அதை அவர் பார்த்த பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

படியிறங்கும்போது கேட்டார், "மறுபடி எடுத்துட்டேன்னா என்ன செய்வே?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. 'இனிமே எடுக்க மாட்டேன்' என்றுதான் சொல்லுவார். எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆனால் அழுகை வந்தது.

"சோறு போட மாட்டேன்," என்றேன். "ஆனா வீட்டுக்கு வந்துருங்க."