மிட்டாதாரர் காரின் உயரம்

என் தம்பி அர்த்தனாரி மண்டிபோட்டு, கார்ச் சக்கரத்தின் நடுக்குமிழுக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையே சாண் வைத்து அளக்கிறான். ஒரு சாண், அதன்மேல் மூன்று விரல். இடப்பக்கம் அளந்தபின் வலப்பக்கம். பிறகு சந்தேகம் தீர மறுபடியும் இடப்பக்கம். கையால் அளக்கிறானே என்று சிரிப்பவர்களிடம், "டேப்பு இழுத்தா நீளுமுங்க. என்ற கை நீளாதுங்க" என்பான்.

காரவள்ளியில், கொல்லிமலைக்கு ஏறும் தடம் தொடங்குமிடத்தில் அவன் பட்டறை இருக்கிறது. கார் ஸ்பிரிங் வேலைதான் தொழில். யுத்தத்தில் பெட்ரோல் அருகியதிலிருந்து கார்க்காரர்கள், கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்ட, பின்னால் கரிவாயு அடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, அடிப்பாகம் கல்லில் உரசும். தம்பி ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளை உலையில் காய்ச்சி வளைத்து, கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுப்பான். நாமக்கல்லிலிருந்தும் தேடி வருகிறார்கள். கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை.

வெறும் வண்டியின் உயரத்தை அவன் நம்புவதில்லை. ஆள் ஏறினால் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். முதலாளிகளின் மெத்தையில் பட்டறைக்காரன் உட்கார முடியாது. ஆகவே ஆளுக்குப் பதிலாக, மலையிலிருந்து இறங்கும் சாமை மூட்டைகளை ஏற்றுவான். எங்கள் பக்கத்துச் சிறு ஜமீன்தாரான மிட்டாதாரரின் காருக்கு அவன் கணக்கு: "மிட்டாதாரு ஒண்ணரை மூட்டை. அவிய ஊட்டம்மா ஒண்ணு. கணக்குப்பிள்ளை அரை மூட்டை, அதும் தவுட்டு மூட்டை!" ஏற்றிய மூட்டையை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது, ஸ்பிரிங் படிய வேண்டும். "அசைச்சீங்கன்னா நானு பொறுப்பில்லீங்க" என்று முன்னதாகவே கறாராகச் சொல்லிவிடுவான்.

போன ஐப்பசியில் மிட்டாதாரர் கார் அப்படி மூட்டைகளோடு நின்றிருந்தது. அன்று உச்சிப்பொழுதில் தம்பி மகள் பழனாயிக்கு மலைக்காய்ச்சல் முற்றிக் கண் செருகிவிட்டது. நான்கு வயதுக் குழந்தை. சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியும். காருக்குக் காவலிருந்த கணக்குப்பிள்ளை அப்பாசாமியிடம் ஓடினான்.

"ஏனுங்க, மூட்டைய எறக்கிப் போட்டுட்டுப் புள்ளையக் கொண்டுபோயிட்டு வந்தர்றனுங்க."

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நீதானப்பா சொன்னே, நாளைக்கு வரைக்கும் அசைக்கப்படாதுன்னு? உசரம் கொறைஞ்சா அய்யாவுக்கு ஆரு பதில் சொல்றது?"

"மறுக்கா நானே செஞ்சு தர்றனுங்க சாமி."

"மறுக்காச் செய்யறதுக்கா அய்யா உன்ற கிட்ட வண்டிய அனுப்பிச்சாரு?"

மாட்டுவண்டி கட்டினோம். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டவில்லை. என் மடியிலேயே குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் அவளைப் புதைத்துவிட்டு வந்து, அவனே மூட்டைகளை இறக்கினான். மண்டிபோட்டு அளந்தான். உயரம் நூலிழை பிசகாமல் நின்றது. வைத்த கையை அவன் வெகுநேரம் எடுக்கவில்லை.

அந்தக் கார் இன்னும் வருகிறது. "அதுக்குப் போயி ஏனுங்க கை வெக்கறீங்க?" என்று அவன் மனைவி ராமாயி கேட்டாள்.

"காரு என்ன பண்ணுச்சு?" என்றான். ஆனால், மூட்டையை அசைக்கக்கூடாது என்று இப்போது அவன் யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் மிட்டாதாரரே வந்தார். கார் நிமிர்ந்து நிற்பதைச் சுற்றிவந்து பார்த்து மனம் குளிர்ந்தவர், பின்கதவைத் தன் கையாலேயே திறந்தார்.

"நடந்தத மனசுல வெச்சுக்காத. ஏறி உக்காரு கண்ணு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

தம்பி ஏறவில்லை. கதவை ஓசைப்படாமல் சாத்தினான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, கதவில் பதிந்திருந்த தன் விரல் தடங்களை அழுத்தித் துடைத்தான்.