ரொசால்பா தேர்ந்தெடுத்த ரப்பர் உடுப்பு

சாகப் போகிறவள் மூன்று உடுப்பைப் போட்டுப் பார்த்து, அதில் தண்ணீர் புகாத ஒன்றைத் தேடி எடுப்பாளா? ரொட்டிக் கடையில் எல்லார் காதிலும் விழும்படிதான் கிரிசெல்டாவிடம் இதைக் கேட்டேன்.

"டோன்யா உபெர்லிந்தா, நீங்க பெரியவங்க, உங்ககிட்ட நான் சண்டைக்கு வரல. ஆனா அவ தானா போனவ. கடல் எடுத்துக்கிட்டவங்க பட்டியல்ல தானா போனவளுக்கு ஏது இடம்?" என்றாள் அவள்.

"நீ கூடப் போய்ப் பாத்தியாடி?"

"ஊரே சொல்லுது."

ஊருக்கு வாய் இருக்கிறது, சொல்லும். எங்கள் கடற்கரையில் சான் பெத்ரோ திருநாளன்று புனிதரின் சிலையைப் படகில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டு போவோம். அங்கே எல்லாப் படகும் எஞ்சினை நிறுத்தும். கடலில் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். ரொசால்பா போய் நாலு குளிர்காலம் ஆகிறது. அவள் அலைமேல் சறுக்கப் படுத்துப் போன பலகை மறுநாளே காவுயில் ஊர்க் கழிமுகத்தில் ஒதுங்கியது. அவள் கிடைக்கவில்லை. நாலு திருநாளிலும் அவள் பெயரைப் படிக்கவில்லை. எங்கள் பக்கம் குளிர்காலமான ஆகஸ்டு மாதத்துக் கடலில், மீனவர்களே படகைக் கரையேற்றிவிட்ட நாளில், ஒரு விதவை தன் காலால் நடந்து போனாள் என்றால் புருஷனைத் தேடித்தான் போயிருப்பாள் என்று கோயில் கமிட்டியில் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் வாசலைத் தாண்டும்வரை கூட இருந்தவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

ரொசால்பாவுக்கு நான் ஞானத்தாய், மாத்ரினா என்றுதான் கூப்பிடுவாள். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைத் தாங்கிப் பிடித்த கை இது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பாறையில் இறங்கி, கொச்சாயூயோ பாசியை அறுத்து, சுமை கட்டி மேலே ஏற்றுவது அவள் வேலை. ஆம்பளைக்குச் சமமான தோள். புருஷன் அவுதிலியோ கடலடியில் மூழ்கிச் சிப்பி எடுப்பவன். ஒரு ஜூன் மாதம் மூழ்கினான், மேலே வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் பாறைப் பக்கமே போகவில்லை. கடல் இரைச்சல் கேட்கும் ஜன்னலுக்குப் பலகை அடித்து மூடினாள். கீரை நறுக்கிக்கொண்டிருப்பாள், அலைச் சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், கத்தி கீழே விழும். நானும் பயந்தவள்தான், ஆனால் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த கோடையில் அலைமேல் சறுக்குகிற பையன்கள் பாறை முனையில் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் ஒருவன் மூக்கு உடைந்த பலகையை விட்டுவிட்டுப் போனான். அதை இவள் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? போனவன் போதாதா?"

"மாத்ரினா, பாறைமேல நிக்கும்போது அலை முதுகுக்குப் பின்னால வருது. பலகைமேல படுத்தா மூஞ்சிக்கு நேரா வருது. நேரா வர்றத நான் பாத்துக்குவேன்."

கோடை முழுக்கப் போனாள், வந்தாள். ஜன்னல் பலகையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று பேசவே வேண்டியதில்லை. குளிர்காலத்தில் போக முடியாவிட்டால் பயம் இன்னும் தன்னை விடவில்லை என்றுதான் அர்த்தம் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜூலைத் தண்ணீரில் கை வைத்தால் எலும்புக்குள் வலிக்கும்.

அந்த முதல் குளிர்காலத்தில் அவளிடம் இருந்தது அவுதிலியோவின் மூழ்கும் உடுப்பு மட்டும்தான். ஏழு மில்லிமீட்டர் கனம். கீழே போய் ஓரிடத்தில் நின்று வேலை செய்கிறவனுக்குத் தைத்தது, கை வீசித் துழாவுகிறவளுக்கு அல்ல. அது போதாதென்று நானும் சேர்ந்துகொண்டேன். பதப்படுத்தாத ஆட்டுக் கம்பளியில் ஒரு உள்சட்டை பின்னி வைத்திருந்தேன்.

"இதப் போடாம வெளிய போகக்கூடாது."

"ரப்பருக்குள்ள கம்பளி எதுக்கு மாத்ரினா?"

"குளிருக்குக் கம்பளிதான்டி. உங்கப்பன் படகுல என்ன போட்டுக்கிட்டுப் போனான்? உன் தாத்தா?"

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். போட்டுக்கொண்டாள்.

மேட்டில் நின்று நான் பார்த்தேன். முதலில் பலகையில் படுத்துத் தண்ணீரைத் துழாவிக் கையை நன்றாகத்தான் வீசினாள். பிறகு கை மெதுவானது. பிறகு ஒரு கை மட்டும் எழுந்தது. பிறகு எதுவும் எழவில்லை. அலை அவளைப் பாறைப் பக்கம் தள்ளியது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மூன்று பேர் இறங்கி இழுத்து வந்தார்கள். உதடு சிப்பி ஓட்டின் நிறத்தில் இருந்தது. பேச்சு வரவில்லை, கோப்பையைக் கொடுத்தால் பிடிக்கத் தெரியவில்லை. அவள் பாதங்களை என் வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடுப்பைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. கழுத்துப்பக்கம் வெளியே நீட்டியிருந்த கம்பளிதான் கடலைத் திரிபோல உறிஞ்சி உள்ளே இறக்கியிருக்கிறது. என் கம்பளி. இதைப் பாதிரியாரிடம் மட்டும் சொல்லியிருந்தேன், இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன்.

இனி போக மாட்டாள் என்று நினைத்தேன். பேச்சு திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "தப்பு கடல்மேல இல்ல, உடுப்புமேல."

"என்மேல."

"உங்க கம்பளிமேல," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு வருஷம் ஜூன் முடிவில், பிச்சிலெமுவில் பலகை செப்பனிடுகிற நிபால்தோ மூன்று பழைய உடுப்புகளை அவள் வேலியில் போட்டுவிட்டுப் போனான், பிடித்ததை வைத்துக்கொள் என்று. கிணற்றுத் தண்ணீரை வாளிகளில் பிடித்து உறைபனியில் ஒரு ராத்திரி வெளியே வைத்தாள். காலையில் முற்றத்தில் பெஞ்சைப் போட்டாள்.

முதல் உடுப்பு ஆறு மில்லி. தொட்டாலே கதகதப்பு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவள் பெஞ்சில் குப்புறப் படுத்து, தண்ணீரில் துழாவுகிற மாதிரி கையை வீசினாள். நான் எண்ணினேன். அறுபதில் தோள் எரிகிறது என்று எழுந்துவிட்டாள். இரண்டாவது மெலிசு, கை நன்றாக ஓடியது. ஆனால் இடுப்புக்குப் பின்னால் ரப்பர் தளர்ந்து ஒரு பிடி என் கைக்குள் வந்தது.

"ஊத்துங்க மாத்ரினா."

கழுத்தில் வாளியைக் கவிழ்த்தேன். அவள் சொன்ன வார்த்தையை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டாம். தண்ணீர் முதுகு வழியே இறங்கிக் குதிகாலில் வந்து நின்றது.

மூன்றாவதுக்கு மார்பில் ஐந்து மில்லி, கையில் நாலு, கழுத்தோடு சேர்ந்த தலைமூடி. அதற்குள் அவளை நுழைக்க அரை மணி நேரம். காலில் பிளாஸ்டிக் பை மாட்டி, நான் மேலே இழுக்க, அவள் குதிக்க, இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் கிரிசெல்டா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன டோன்யா, ரெண்டாவது ஞானஸ்நானமா?"

"ஆமாடி, வா. உன் நாக்குக்கும் ஒரு வாளி இருக்கு."

முதல் வாளி ஊற்றினேன். ரொசால்பா அசையவில்லை. இரண்டாவதும் ஊற்றினேன். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். சுட்ட ரொட்டி மாதிரி காய்ந்த முதுகு.

அந்த உடுப்பில் முழங்காலில் ஒரு கிழிசல் இருந்தது. அவுதிலியோவின் உடுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பசை தடவி ஒட்டினாள். 'செத்தவனை உடுத்திக்கிட்டுப் போனா' என்று ஊர் சொல்வது இதைத்தான். கிழிசலில் தண்ணீர் புகும், அதனால் ஒட்டினாள். அவ்வளவுதான். ரப்பர் காலணியும் தொளதொளவென்று இருக்கக்கூடாது என்று ஒரு அளவு குறைத்தே எடுத்தாள். உயிர் வேண்டாதவளுக்குக் கால் விரல் குளிர்ந்தால் என்ன, குளிராவிட்டால் என்ன?

அந்த ஜூலையில் பதினான்கு தடவை போனாள், பதினான்கு தடவையும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் ஜெபமாலையை எங்கே விட்டேன் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஆகஸ்டில் அந்த நாள். படகுகளைக் கோயில் சுவர்வரை இழுத்து வைத்திருந்தார்கள். அலை விழும்போது என் அலமாரியில் தட்டுகள் நடுங்கின. அவள் உடுத்திக்கொண்டு என் வாசலில் நின்று, ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"அப்பப் போகாத. நாளைக்குப் போ."

"நாளைக்கும் இருக்கும் மாத்ரினா. ஜன்னல அடைச்சுட்டு உக்காந்திருந்தேனே, அந்தப் பயம் இல்ல இது. இதோட என்னால நடக்க முடியுது."

பலகையைக் காலோடு கட்டுகிற கயிற்றைப் புதிதாக மாற்றியிருந்தாள். கதவு நிலையில் ஒரு காலை ஊன்றி அதை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். போனவள் நாலு எட்டில் திரும்பி வந்தாள், கையுறையை மறந்துவிட்டாளாம். பல்லால் கடித்து இழுத்து இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள். அடுப்பில் கோழிச் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பூசணித் துண்டு பெருசா ஒண்ணு கிடக்கு. அது எனக்கு. போன தடவ மாதிரி நாய்க்குப் போட்டுடாதீங்க. ஒரு மணிக்கு வந்துடுவேன்."

அப்புறம் பலகை நிலையில் இடிக்காதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வெளியே போனாள்.