ஒரு லோடு கடற்கரை

மழை விட்ட மறுநாள் காலையில், மணல் குவியலை மூடியிருந்த அந்தத் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினால் முதலில் மூக்கில் ஏறுவது உப்பு வாசம்; அதன் பின்னாலேயே காய்ந்த பாசியின் வாசமும், உள்ளே எங்கோ செத்துக் கிடக்கும் சின்ன நண்டின் வாசமும் சேர்ந்து வர, வீட்டுக் கொல்லையில் நிற்கிறோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோகும். மேல்மணல் வெயிலில் சுடும். முழங்கை வரை கையை விட்டால் உள்ளே சில்லென்றிருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நான் போய் உட்காரும் இடம் அதுதான். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, வீடு கட்டி மிச்சமான மணல் என்று நினைத்துக்கொள்வார்கள். அது வெறும் மிச்சம் என்றால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் தீவில் பெரார்கஞ்சைத் தாண்டி மேற்கே போகும் ரோடு கடலைப் பார்த்து முடிகிற இடத்தில், கொஞ்சம் மேட்டில், எங்கள் வீடு இருக்கிறது. அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். சின்னச் சின்னக் கல்வெர்ட்டு, வாய்க்கால் வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துவந்தார். ஊரிலுள்ள எல்லாருக்கும் அவர் "டேக்கேதார்". ஆனால் ஊருக்கெல்லாம் காங்கிரீட் போட்ட டேக்கேதாரின் சொந்த வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அந்த வீடு ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. மழைக்காலத்தில் தகரத்தின்மேல் விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பலகை இடுக்கில் பூரான் வரும். மடித்து வைத்த புடவையில் பூஞ்சை பூக்கும். தம்பி பிறந்து, ஓயாமல் இருமத் தொடங்கியபோது அவள் பொறுத்தது போதும் என்று முடிவு செய்துவிட்டாள். "இந்தத் தகரக் கொட்டாய்ல என்னால புள்ள வளக்க முடியாது. பக்கா வீடா கட்டுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து "மெயின்லேண்டு"க்கு, பரமக்குடிக்கே போய்விட்டாள். என் படிப்பு கெட்டுவிடக்கூடாது என்று என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

அப்பா சமைப்பார். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இரண்டுக்கும் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் பேச்சு குறைந்தவர். காலையில் அவர் வேலைக்குப் போவதற்கு முன்பே நான் கடற்கரைக்கு இறங்கிவிடுவேன். பக்கத்தில் என் வயதுப் பிள்ளைகள் இல்லை. இருந்த இரண்டு வங்காளி வீடுகளிலும் எல்லாரும் பெரியவர்கள். இங்கே மகுவா என்று சொல்லும் கடலோர மரங்கள் கடலை நோக்கிச் சாய்ந்து நிற்க, அவற்றின் கீழே அடும்புக்கொடி படர்ந்த அகலமான வெள்ளை மணல். அதில் என்னைத் தவிர நண்டுகளும், ஒருசில காலைகளில் மட்டும் ஆமையின் தடமும் இருக்கும். ஆமையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இருட்டில் வந்து முட்டையிட்டு விடிவதற்குள் போய்விடும். நடுவில் வயிறு இழுபட்ட பட்டையும் இரண்டு பக்கமும் துடுப்புக்கால் போட்ட கீறல்களுமாக அது நேரே கொடிகள் வரை ஏறியிருக்கும். அங்கே மணலைக் கிண்டிக் குழி மூடிய அடையாளம் இருக்கும். பிறகு இன்னொரு தடம் கடலுக்குத் திரும்பியிருக்கும். அப்பா அதை "டிராக்டர்" என்பார். "தாயி, இன்னிக்கு டிராக்டர் வந்துச்சா?" என்று கேட்பதுதான் நாங்கள் இருவரும் காலையில் பேசிக்கொள்ளும் பேச்சு. அம்மா போன பிறகு, அந்தத் தடத்தைப் பார்க்கிற அன்றைக்கு யாரோ விருந்தாளி வந்து போனதுபோல எனக்கு இருக்கும்.

அந்த வருடம் மழை ஓய்ந்ததும் அப்பா வீடு கட்டத் தொடங்கினார். முற்றத்திலேயே ஹாலோ பிளாக் வார்த்தார்கள். மணலுக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை. ரோடு முடிகிற இடத்தில் மணல்தான். அப்போது தீவில் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். ஆபீசில் பர்மிட் வாங்கினால் கரையில் லாரியை இறக்கி அள்ளிக்கொள்ளலாம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் மணல் வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். எங்களுக்கு லோடு அடித்தவர் நிமாய்தா. தீவில் வந்து குடியேறிய வங்காளி செட்லர் குடும்பம். வாயில் எப்போதும் பீடி. தமிழ் கொஞ்சம் தெரியும், ஆனால் ஏசுவதற்கு மட்டும். அவருடைய லாரி வந்து நின்றால் எனக்கு ஒரே குதூகலம். ஒவ்வொரு லோடும் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருகிறது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். சுவர் என் தோள் உயரம் வந்தபோது, கப்பலில் அம்மா பாதிக் கடல் தாண்டியிருப்பாள் என்றே நினைத்தேன்.

எங்களுடையதோடு இன்னும் பல லாரிகள் அங்கே அள்ளின. மகுவா மரங்களின் காலடியில் மணல் வெட்டப்பட்டு, வேர்கள் வெளியே தொங்க, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கரை செங்குத்தாக நின்றது. ஏறி விளையாட நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு ஒருநாள் காலையில் ஆமைத் தடத்தைப் பார்த்தேன். கடலிலிருந்து நேரே வந்திருந்தது. அந்த வெட்டின் அடியில் வந்து நின்றிருந்தது. அங்கிருந்து இடப்பக்கமாகக் கொஞ்ச தூரம் ஊர்ந்து, மறுபடி வெட்டை முட்டி, வலப்பக்கமாகத் திரும்பி, கடைசியில் கடலுக்கே போய்விட்டிருந்தது. எவ்வளவு தேடியும் குழி இல்லை. அடுத்த நாளும் அதே மாதிரி ஒரு தடம், இன்னும் கொஞ்சம் தள்ளி. அதற்கும் குழி இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். "அது வேற எடம் பாத்துக்கும் தாயி, கடல் என்ன சின்னதா?" என்றார். கொத்தனார் வந்து காத்திருக்கிற அவசரத்தில் சொன்னது. நானும் விடாமல் தினமும் சொன்னேன். சொல்வதற்கு எனக்கு வேறு விஷயமும் இல்லை, கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. அறைகள் இரண்டுக்கும் பூச்சு முடிந்துவிட்டது. முன்பக்கமும் ஹாலும்தான் பாக்கி. அதற்கு ஒரு லோடு போதும். பூச்சுக்கு நைசான மணல் வேண்டும் என்பதால் அன்றைக்கு அப்பா தானே கரைக்கு வந்தார். நிமாய்தா விடிந்ததுமே வந்து லாரியை நிரப்பி, மேலே சாய்ந்துகொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தடம் கிடந்தது. நான் காட்டவில்லை, அப்பாவே பார்த்துவிட்டார். அளவு பார்க்கிற வேலை அவருடையது. வந்த தடத்தோடு கூடவே நடந்து, அது நின்ற இடத்தில் நின்று, அது திரும்பிய பக்கமெல்லாம் திரும்பி, தண்ணீர் வரை போய்விட்டு வந்தார்.

"உங்கம்மா மாதிரியே இருக்கு தாயி" என்றார். "வந்து பாத்திருக்கு. தங்க எடம் சரியில்லைன்னு திரும்பிப் போயிருச்சு."

லாரியில் ஏறிய மணலை அங்கேயே இறக்கிவிடச் சொன்னார். நிமாய்தா சிரித்த சிரிப்பில் பீடி வாயிலிருந்து விழுந்துவிட்டது. "அரே டேக்கேதார், லேனே கா பர்மிட் ஹை. தேனே கா நஹி!" என்றார். எடுக்கத்தான் பர்மிட், திருப்பிக் கொடுக்க இல்லை. விடிந்ததிலிருந்து மண்வெட்டி பிடித்த கூலியாட்கள் வேறு முறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவுக்கு யாரிடமும் சண்டை போடத் தெரியாது. லோடு வீட்டுக்கு வந்தது, கொல்லையில் கொட்டப்பட்டது. கொத்தனார் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்தபோது அப்பா, "அது கெடக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். முன்சுவரும் ஹாலும் பூசாமல் சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டன. மற்ற லாரிகள் ஒருநாளும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு லோடை அங்கேயே இறக்கியிருந்தாலும் அடுத்த நாளே வேறு யாரோ அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

பள்ளி விடுமுறையில் அம்மா வந்தாள். பம்பூஃப்ளாட்டில் ஃபெரி ஏறி, எதிர்க்கரைச் சாத்தத்தில் இறங்கி, கப்பல் வரும் ஜெட்டியில் நாங்கள் காலையிலிருந்து காத்திருந்தோம். தம்பி என்னை மறந்திருந்தான். அம்மா வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"பூசலையா?"

"மணல் கெடைக்கல" என்றார் அப்பா.

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். "அப்ப இது என்ன?"

"அது ஆமையோடதும்மா" என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு இரவு சோறு அவள் கையால் ஆனது. அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

மழை தொடங்கியதும் வீட்டின் குணம் தெரிந்துவிட்டது. பூசிய அறைகளில் சுவர் வியர்த்தது. வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. தம்பி மறுபடி இருமினான். அம்மா சத்தம் போடவில்லை. "பூசாத வீடு, பூத்த வீடு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணிகளை மடிக்கத் தொடங்கினாள். ஒருநாள் சாயங்காலம் அப்பா சல்லடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவதைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன். தார்ப்பாயை விலக்கிவிட்டு, சல்லடையைக் கீழே வைக்காமலும் மணலை அள்ளாமலும் நின்றுகொண்டிருந்தார்.

"நீ சொல்லு தாயி. பூசிரட்டுமா?"

பூசச் சொல்லித்தான் தலையாட்டினேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஆமைமேல் அப்படி ஒரு கோபம். முகம் தெரியாத ஒரு பிராணிக்காக என் அம்மாவை நான் ஏன் விடவேண்டும்? அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பப் பூசினாலும் அவ போயிருவா தாயி. செவுத்து மேல குத்தம் இல்ல."

அப்படியென்றால் வேறு எதன்மேல் குற்றம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சல்லடையை மாட்டிய இடத்திலேயே மாட்டிவிட்டார். அடுத்த கப்பலில் அம்மா போனாள். ஜெட்டியில் அவள் என் தலையை வாரிவிட்டது ஞாபகம் இருக்கிறது. சீப்பு என் கையிலேயே தங்கிவிட்டது.

அதன்பிறகு அந்தக் குவியல்தான் எனக்குக் கடற்கரை. பாடம் படித்ததும், காரணமில்லாமல் அழுததும் அதன்மேல்தான். நிஜக் கரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே பார்ப்பதற்கு வரவரக் குறைவாகவே இருந்தது.

இன்று நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். பக்கத்துப் பள்ளியில் எழுத்தர் வேலை. அப்பா இல்லை. சுனாமியன்று கடல் ரோட்டைத் தாண்டி மேட்டின் அடிவரை வந்தது. தடுத்து நிற்கக் கீழே மணல் இல்லை. கரை மணலை அள்ளக்கூடாது என்ற உத்தரவு தாமதமாகத்தான் வந்தது. அப்போது கரையில் கல்லும் வேரும்தான் பாக்கி. சாய்ந்திருந்த மகுவா மரங்கள் விழுந்துவிட்டன. அடும்புக்கொடி படர இடம் இல்லை. அள்ளிய மணல் எங்கேயும் போய்விடவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளின் சுவர்களில்தான் நிற்கிறது. என் அறையில் பூச்சு பெயர்ந்து விழும்போதெல்லாம் அதில் நகம் அளவுச் சிப்பிகள் இருக்கின்றன. உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது, இடித்துத்தான் கட்டவேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். இடித்தாலும் சிமெண்ட்டோடு இறுகியதை மணலாகத் திருப்ப முடியாது.

குவியலைத் திருப்ப முடியும். போன வெயில் காலத்தில் நிமாய்தாவைக் கூப்பிட்டேன். கிழவராகிவிட்டார், பீடியை விட்டுவிட்டார். தார்ப்பாய் மக்கி, மேலெல்லாம் புல் முளைத்துக் கிடந்த குவியலை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பழைய பர்மிட் பேச்சை நான் ஞாபகப்படுத்தியபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு ஆட்களை வைத்துப் புல்லைக் களைந்து, வண்டியில் ஏற்றி, ரோடு முடிகிற இடத்தில் பாறைகளுக்கு நடுவே கொட்டி நிரவினோம். கொல்லையில் மலைபோலத் தெரிந்தது அங்கே ஒரு பாய் விரித்த அளவுக்குத்தான் வந்தது. வாடகை வாங்காமல் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் பரமக்குடியில் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

"வந்துச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா."

"வரும்" என்றாள். பிறகு, "எடம் சரியா இருந்தா வரும்."

மழையில் அந்த மணலில் பாதி போய்விட்டது. மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆமை வரும் மாதங்களில் தினமும் விடிந்ததும் இறங்கிப் போகிறேன். நேற்றுக் காலை பார்த்துவிட்டு மேடேறிப் பாதி வழி வந்தவள், கீழே மணலில் ஒரு தடம் தெரிவதைக் கண்டு நின்றேன். ரோட்டிலிருந்து இறங்கி, மணல் வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியுமாக நின்று, வந்த வழியே திரும்பியிருந்தது. என் தடம்தான்.