பரீட்சையும் வாய்தாவும் ஒரே நாளில்

கேரள எல்லையில், பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையில் பிரதீஷைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்த காரணம்தான் நல்லதாக இல்லை. பிளஸ் ஒன்னில் தோற்றதும் பள்ளிக்கூடத்தை விட்டவன், பிறகு ஜங்ஷனே கதியென்று கிடந்தான். பதினெட்டு வயதில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் அடிதடியாகி, வேன் ஓட்டும் சானுவின் கை ஒடிந்தது. கூட்டத்தில் பலபேர் அடித்தார்கள் என்றாலும், ஒடித்தது தான்தான் என்று பிரதீஷுக்குத் தெரியும்.

ரிமாண்டில் இருந்து ஜாமீனில் வந்தபின் அவனை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. டைல்ஸ் கடையில் லோடு இறக்கப் போனால்கூட, "கேஸ் முடியட்டும், பாப்போம்" என்றார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் அப்பா பொன்னப்பன் அவனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் சோனா என்ற பெண் அவனைத் தேடி வீட்டுக்கு வந்தாள். படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக் வேலை படித்துக்கொடுக்கும் மையம் ஒன்று அமரவிளையில் இருந்தது. பத்தாம் வகுப்போடு நின்ற சோனா அங்கே படித்து, அங்கேயே வேலையும் பார்க்கிறவள். பிரதீஷைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. வீடுவீடாகப் போய் ஆள் சேர்ப்பது அவள் பொறுப்பு.

"எனக்கு கேஸ் உண்டு அக்கா," என்றான் பிரதீஷ்.

"கேட்டுட்டுதான் வாறேன். கேஸ் இல்லாத பயலுவளுக்கு வேற எடம் நெறைய உண்டு. உனக்கு இது ஒண்ணுதான் ஆக்கும்."

அவன் சிரித்துவிட்டான். மறுநாள் போனான்.

வகுப்பில் உட்காருவது சித்திரவதையாக இருந்தது. கரண்டு கணக்கு போர்டில் ஏறினால் கண் ஜன்னலுக்குப் போகும். இடையில் ஒரு வாரம் போகாமலும் இருந்தான். சோனா போனில் திட்டிக் கூட்டி வந்தாள். செம்புக் குழாய்களைத் தீயில் காய்ச்சி ஒட்டப் பழகியபோதுதான் அவன் மாறினான். ஒட்டிய குழாய்க்குள் அழுத்தமாகக் காற்றை ஏற்றி, ஒட்டின்மேல் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஓட்டை இருந்தால் குமிழி கிளம்பும். அவன் ஒட்டியதில் முதல்முறையாகக் குமிழி வராத அன்று, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டான். அந்தக் கையால் உருப்படியாக ஒன்று நடந்திருக்கிறது.

கடைசிப் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். திருவனந்தபுரத்தில் இருந்து பரிசோதகர் வருவார். அதே நாளில் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வாய்தா.

"கோர்ட்டுக்குப் போ," என்றார் பொன்னப்பன். "வாரண்டு வந்தா மறுபடியும் உள்ள போவணும். பரீட்சை அடுத்த வருசமும் வரும்."

"அடுத்த வருசம் நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாதுப்பா."

மையத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனான். சட்ட உதவி வக்கீல் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் வந்து அமர்ந்து முதல் வழக்கை எடுக்குமுன், பின்வரிசையில் நின்ற பிரதீஷ் கையை உயர்த்தினான். கோர்ட் சேவகர் முறைத்தார். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து மலையாளத்தில் என்னவென்று கேட்டார். அவனும் மலையாளத்திலேயே சொன்னான்.

"மேடம், என் பேருல இங்க ஒரு கேஸ் உண்டு. இன்னைக்கு எனக்கு பரீட்சை உண்டு."

"என்ன பரீட்சை?"

"ஏசி மெக்கானிக், மேடம். என் கேஸை முதல்ல எடுத்தா நான் போய் எழுதுவேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கோப்புக் கட்டிலிருந்து அவன் வழக்கை உருவி எடுக்கச் சொல்லி, ஆஜரைப் பதிந்து, வேறு தேதி கொடுத்தார். "ஓடு," என்றார்.

அமரவிளையில் பஸ் இறங்கி உண்மையாகவே ஓடினான். வாசலில் சோனா நின்றிருந்தாள். நேரம் தாண்டியவனைச் சேர்க்க முடியாது என்ற பரிசோதகரிடம் மன்றாடி, கடைசி ஆளாக நிறுத்த ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். "கேக்காத, பேசாத. உள்ள போ மக்கா," என்றாள்.

ஓடி வந்த வேகத்திலேயே வேலையைத் தொடங்கினான். குழாயின் வாயை விரிக்கும்போது விளிம்பு கீறிவிட்டது. ஒரு நொடி எல்லாம் போயிற்று என்று தோன்றியது. பிறகு கீறிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி விரித்தான், ஒட்டினான், காற்றை ஏற்றினான். சோப்புத் தண்ணீரைப் பரிசோதகரே தடவினார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். குமிழி இல்லை. அழுத்தம் காட்டும் முள்ளும் அசையவில்லை.

பிரதீஷ் ஜெயித்தான். நெய்யாற்றின்கரையில் குளிர்பதன வேலை செய்யும் ஒரு கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. வழக்கைப் பற்றி அவனே சொன்னான். அவர்கள் யோசித்துத்தான் எடுத்தார்கள்.

வேலை நிலைத்தபின் அவன் சானுவின் வீட்டுக்குப் போனான். சானு அவனை உள்ளே கூப்பிடவில்லை.

"அண்ணே, ஒடிச்சது நானாக்கும். மன்னிப்பு கேக்க வந்தேன்."

சானு தன் கையைத் தடவிக்கொண்டார். "மழை வந்தா இப்பவும் வலிக்கும்," என்றார். பிறகு, "கோர்ட்டுல வந்து சொல்லுதேன். நீ போ," என்றார். சொன்னபடியே வந்து, சமாதானமாகப் போகச் சம்மதம் என்றார். கோர்ட் அனுமதிக்க, வழக்கு முடிந்தது.

இந்த வருடம் பெருங்கடவிளைப் பக்கம் விவசாயிகள் சிலர் சேர்ந்து காய்கறி வைக்கக் குளிர் அறை கட்டினார்கள். அதைப் பொருத்தும் வேலை முழுக்கப் பிரதீஷின் பொறுப்பில் வந்தது. ஓடவிட்ட அன்று பயற்றங்காயும் வெள்ளரியும் நிரப்பிய பெட்டிகள் வெளியே காத்திருந்தன. அறை குளிர்ந்து, அவன் தலையசைத்ததும் பெட்டிகளை உள்ளே தூக்கினார்கள்.

பொன்னப்பனும் வந்திருந்தார். கதவைத் திறந்து பிடித்தபடி முகத்தை உள்ளே நீட்டினார்.

"இந்தக் குளிர நீயா உண்டாக்கின?"

"நான்தான்ப்பா."

அவர் நகரவில்லை. முகத்தில் குளிரை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"கதவ அடைங்கப்பா," என்றான் பிரதீஷ் சிரித்துக்கொண்டே. "குளிரு வெளிய போவுது."